மாமியாருக்கு விடுப்பு உண்டா என்று கேட்டிருந்தாய்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமியார், நம் அத்தைக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி உங்களோடுதான் இருக்கப்போகிறார் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மதுரையில் அவர் தனியாக இருப்பதால், உனக்கும் உன் கணவரான அண்ணனுக்கும் ஒரு தொலைபேசி மணி அடித்தால்கூட நெஞ்சு பதைப்பதை நான் அறிவேன்.

டெக்சஸிலேயே இருப்பதா, கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் வேலையை ஏற்பதா என்று கேட்டிருக்கிறாய். சம்பளம், வீட்டு வாடகை, வரி பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் “அத்தைக்கு முடியாமல் போனால் எனக்கு விடுப்பு கிடைக்குமா?” என்று முடித்திருக்கிறாய். இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழக மனிதவளப் பிரிவில் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பதே என் பிழைப்பு என்பதால், அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். 1993இல் கிளின்டன் கையெழுத்திட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது. சம்பளம் கிடையாது, வேலை பறிபோகாது, அவ்வளவுதான். அதற்கும் அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், முந்தைய ஓராண்டில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். உன் அம்மாவோ அப்பாவோ கடுமையாக நோயுற்றால் நீ எடுக்கலாம். மாமனார், மாமியாருக்காக எடுக்க முடியாது. சட்டம் ‘பெற்றோர்’ என்று கணக்கில் எடுத்துக்கொள்பவர்களில் அவர்கள் இல்லை.

அண்ணன் தம் தாய்க்காக எடுக்கலாம். அவர் எடுக்கட்டும் என்பதுதான் என் எண்ணமும். பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் முதல் கடமை மகனுடையது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? குளிப்பாட்டுவது, தலை வாரிவிடுவது, இரவில் கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது எல்லாம் மருமகள் தலையில்தான் விடியும். அத்தையும் மகனைவிட உன்னிடம்தான் கூச்சமின்றி இருப்பார். வேலை செய்யப்போவது நீ. விடுப்பு கேட்கும் உரிமை மட்டும் உனக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்?

இனி டெக்சஸ். அங்கே தனியார் நிறுவன ஊழியர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய குடும்ப விடுப்பு என்று மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. நீயோ மாநிலப் பல்கலைக்கழக ஊழியர். முழு நேர மாநில ஊழியருக்கு மாதம் 8 மணி நேரம் என்று மருத்துவ விடுப்பு சேர்ந்துகொண்டே போகும், அதற்கு உச்சவரம்பு இல்லை. இத்தனை வருடமாக ஜலதோஷத்துக்குக்கூட விடுப்பு எடுக்காத உன் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று உடனே போய்ப் பார். அந்த விடுப்பைக் குடும்பத்தாரின் நோய்க்கும் பயன்படுத்தலாம். இங்கேதான் நீ ஊன்றிக் கவனிக்க வேண்டிய விதி வருகிறது: ஒரே வீட்டில் வசிப்பவர், இரத்த உறவாலோ தத்தாலோ திருமணத்தாலோ உறவானவர் என்றால் அவர் உன் நெருங்கிய குடும்பத்தார். வேறு வீட்டில் இருப்பவர் என்றால் கணவர், பிள்ளை, உன்னைப் பெற்றவர் ஆகியோருக்கு மட்டுமே, அதுவும் மருத்துவச் சான்றோடு. அதாவது அத்தை உங்கள் கூரையின்கீழ் இருந்தால் உன் மருத்துவ விடுப்பு அவருக்கும் உதவும். பக்கத்துத் தெருவில் தனி அப்பார்ட்மென்ட் எடுத்து வைத்தீர்கள் என்றால் உதவாது. “அவருக்குத் தனி இடம் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம்” என்று எழுதியிருக்கிறாயே, முடிவெடுக்கும் முன் இதை அண்ணனிடம் சொல்.

கலிபோர்னியாவின் போக்கே வேறு. அமெரிக்காவில் சம்பளத்துடன் கூடிய குடும்ப விடுப்பை முதலில் கொண்டுவந்த மாநிலம் அது. 2002இல் சட்டமாகி 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 6 வாரம், 2020 முதல் 8 வாரம். ஊழியர்களின் சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டுப் பணத்திலிருந்து அது கொடுக்கப்படுகிறது. 2014 முதல் மாமனார், மாமியாரும் அதில் உண்டு. வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கும் தனிச் சட்டத்திலும் 2022 முதல் அவர்களைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதே. உன்னை அழைத்திருப்பது தனியார் பல்கலைக்கழகமா, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஒன்றா என்று நீ எழுதவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பொதுவாக அந்த மாநிலக் காப்பீட்டுக்கு வெளியே இருக்கிறது. அதற்குப் பதிலாக 2021 ஜூலை முதல் ஆண்டுக்கு 8 வாரம் வரை தானே ஊதியம் தரும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பலன் ஏறத்தாழ ஒன்றுதான், கேட்க வேண்டிய கதவுதான் வேறு.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. வேலை மாறினால் அந்த 12 மாதமும் 1,250 மணி நேரமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கலிபோர்னியாவின் வேலைப் பாதுகாப்புச் சட்டமும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. டெக்சஸில் சேர்த்த மருத்துவ விடுப்பும் உன்னோடு வராது. அத்தை வந்து இறங்கும் முதல் வருடம், புது ஊர், புதுக் குளிர், புது மருத்துவர் என்று அவர் தடுமாறப்போகும் அதே வருடம், வேலைப் பாதுகாப்போடு நீண்ட விடுப்பு எடுக்கும் சட்ட உரிமை உன் கையில் இருக்காது. நான் உன் இடத்தில் இருந்தால் ஒன்று, ஓராண்டு தள்ளிச் சேர முடியுமா என்று கேட்பேன். இல்லையென்றால், முதல் ஆண்டிலும் மாமியாருக்காக விடுப்பு உண்டு என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதித்தரச் சொல்வேன். துறைத் தலைவர் நல்லவர், வாய்வார்த்தையாகச் சரி என்றார் என்பதெல்லாம் போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அவருடைய வார்த்தையும் கூடவே போய்விடும்.

மாநில ஊழியர் என்பதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 2003இல் நெவாடா மாநில ஊழியர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கார் விபத்தில் அடிபட்ட மனைவியைக் கவனிக்க அவர் விடுப்பு கேட்டவர், ஹிப்ஸ் என்று பெயர். குடும்பத்தைக் கவனிக்கும் விடுப்பை மறுத்தால் ஊழியர் மாநிலத்தின் மீதே நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்று தீர்ப்பாயிற்று. 2012இல் மேரிலாந்து ஊழியர் கோல்மன் தம் சொந்த நோய்க்கான விடுப்பு பற்றி வழக்காடினார், தோற்றார். தன் உடம்புக்கான விடுப்பு மறுக்கப்பட்டால் மாநிலத்திடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்றுவிட்டார்கள். ஒரே சட்டம், இரண்டு பலம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது.

இங்கே நிலைமை எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும் முன், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை எப்படி மாற்றுவது என்று பயிற்சியாளர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் கால்களுக்கு நடுவே என் ஒரு காலை வைத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லிச் சேர்ந்து எழ வேண்டும். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு இன்று வேலை இல்லையா?” என்று கேட்டார். இருந்தது. ஆண்டு விடுப்பை எடுத்துத்தான் போயிருந்தேன்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரல் முதல் நிர்வாகிகள், உயர் பதவியினர் ஆகியோரையும் உள்ளே கொண்டுவந்தது. ஆண்டு விடுப்பு 7 நாளில் தொடங்கி 14 வரை, மருத்துவ விடுப்பு 14 நாள், மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் உள்ளடக்கி 60. எல்லாம் என் உடம்புக்கு. பெற்றோருக்கென்று ஒரு நாள்கூடச் சட்டத்தில் இல்லை. அரசாங்க ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 2 நாள் பெற்றோர் பராமரிப்பு விடுப்பு உண்டு. தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் 2006இல் தன்னாட்சி நிறுவனங்களாக மாற்றப்பட்டபின் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஏற்பாட்டைத் தானே வகுத்துக்கொள்கிறது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்து 2018இல் வந்த முத்தரப்புத் தரநிலை, குடும்பத்தார் மருத்துவமனையில் இருந்தால் 2 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு என்கிறது. விரும்பிய முதலாளிகள் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

இதே நாட்டில்தான் 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. வசதியிருந்தும் பெற்றோரைக் கவனிக்காத பிள்ளையின் மேல், 60 வயது நிறைந்த பெற்றோர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பணம் கொடு என்று சட்டம் கட்டளையிடுகிறது. பக்கத்தில் இரு என்பதற்கு ஒரு நாள் தரவில்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். கட்டாயமாக்கினால் பெற்றோரைப் பராமரிப்பவர்களை வேலைக்கு எடுக்கவே முதலாளிகள் தயங்குவார்கள் என்பது வரும் பதில்களில் ஒன்று. அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் மகப்பேறு விடுப்புக்கும் இதையே சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை, செலவில் கணிசமான பகுதியை அரசாங்கமே ஏற்றது. 2026 ஏப்ரல் முதல் தாய்க்கு 16, தந்தைக்கு 4, இருவரும் பகிர்ந்துகொள்ள 10 என்று 30 வாரம். குழந்தைக்குச் செய்ய முடிந்ததைக் கிழவருக்கும் செய்ய முடியும்.

அந்த 30 வாரமும் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்த திருச்சிப் பெண் ஒருத்தி, ஆராய்ச்சியாளர், தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது என்னிடம் வந்தாள். சட்டப்படி அவளுக்கு 12 வாரம், அதிலும் முதலாளி சம்பளம் தந்தே ஆக வேண்டியது 8. அதே ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசைக்காரிக்கு 16. விண்ணப்பத்தில் குழந்தையின் குடியுரிமை என்ற கட்டத்தைக் காட்டி அதை நான்தான் விளக்க வேண்டியிருந்தது. “ஊரில் அரசுக் கல்லூரியில் இருந்திருந்தால் ஒரு வருடம்” என்றாள். உண்மைதான், தமிழ்நாட்டு அரசு 2021 ஜூலை முதல் தன் ஊழியர்களுக்கு 12 மாதம் தருகிறது.

எனக்கு இப்போதைக்கு வழி பிறந்திருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறைப்படி எழுதிக்கொடுத்தால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுத்தேன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். என் மேலதிகாரி நல்ல மனிதர். எனக்கு வேண்டியது அவருடைய நல்ல மனம் அல்ல, அவர் இல்லாவிட்டாலும் கிடைக்கும் உரிமை. தொழிற்சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பப்போகிறேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர்கள் சிலர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ உடனே செய்ய வேண்டியது: கலிபோர்னியாவிலிருந்து வந்த நியமனக் கடிதத்தையும், பணியாளர் கையேட்டில் விடுப்பு பற்றிய பகுதியையும் எனக்கு அனுப்பு. வரிவரியாகப் படித்துக் குறித்து அனுப்புகிறேன். டெக்சஸில் உன் மருத்துவ விடுப்பு மிச்சத்தை எழுத்தில் வாங்கிக்கொள். அத்தை மதுரையிலிருந்து கிளம்பும் முன், அவருடைய சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் பற்றி அங்கே பார்க்கும் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல். எந்த மாநிலத்தில் விடுப்பு கேட்டாலும் நோய்க்குச் சான்று கேட்பார்கள். பழைய விவரம் கையில் இருந்தால் புது மருத்துவருக்கு எழுதித்தருவது எளிது.

அண்ணனுக்கு என் வணக்கம். அவர் எடுக்க வேண்டிய 12 வாரத்தைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் மறைக்காமல் படித்துக் காட்டு.

அன்புடன்,
உன் தோழி