சின்ன வீடு அல்ல, நிக்கி வீடு: 'பிக் லவ்' தமிழ் சப்டைட்டில் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ் சப்டைட்டில் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கணவனும் மூன்று மனைவிகளும் வாழும் குடும்பத்தைப் பற்றிய அமெரிக்கத் தொடரான 'பிக் லவ்'வை உங்கள் தளத்தில் தமிழ் வரிகளோடு பார்த்துவரும் பார்வையாளர்கள் சிலர் சேர்ந்து எழுதுவது இது. அந்தத் தமிழ் வரிகளில் உள்ள பிழைகள் பற்றி நாங்கள் அனுப்பிய புகார்கள் உங்களிடம் இருக்கின்றன. "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்ற பதிலும் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் வந்திருக்கிறது. ஆகவே பழையதை மறுபடி விரிக்கப் போவதில்லை. போன வாரம் பார்த்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறோம்.

கணவன் பில் இன்றிரவு இரண்டாம் மனைவி நிக்கி வீட்டில் என்று பேச்சு வருகிறது. கீழே தமிழில் ஓடுகிறது: "அவர் இன்னிக்கு சின்ன வீட்டுல."

மூலத்தில் இருப்பது ஒரு பெயர். நிக்கி. மொழிபெயர்க்க அதில் ஒன்றுமே இல்லை, அப்படியே எழுதியிருந்தால் போதும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே சாண்டி என்ற ஊரில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீடுகள், பின்னால் மூன்றுக்கும் ஒரே முற்றம். ஒன்று பார்ப் வீடு, ஒன்று நிக்கி வீடு, ஒன்று மார்ஜீன் வீடு. பில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறான், அந்த முறையைப் பெண்களே பேசி முடிவு செய்கிறார்கள். கதை தொடங்கும்போது சட்டத்தின் கண்ணில் பார்ப் ஒருத்திதான் மனைவி. அவர்களுடைய நம்பிக்கையில் மூவரும் மனைவிகள். உயிரோடு இருக்கும் காலத்துக்கு மட்டுமல்ல, மறுமைக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவர்கள். சட்டம் சொல்லும் கணக்குக்கும் நம்பிக்கை சொல்லும் கணக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் 2006 முதல் 2011 வரை ஐந்து சீசன், 53 பகுதிகளாக ஓடிய கதை.

'சின்ன வீடு' என்றால் தமிழில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாலி இல்லாதவள், ஊருக்குத் தெரியாமல் வைத்திருப்பவள், பெரிய வீட்டுக்குத் தெரிந்தால் கலவரம். நிக்கி யார்? பலதார மணத்தைக் கடைப்பிடிக்கும் ஜூனிபர் கிரீக் என்ற குடியிருப்பின் தீர்க்கதரிசி ரோமன் கிராண்ட்டின் மகள். மூவரில் இந்தக் கோட்பாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். பார்ப் புற்றுநோயில் கிடந்தபோது அந்த வீட்டில் ஒத்தாசைக்கு இருந்தவள். தான் மனைவி என்பதை யார் மறுத்தாலும் சண்டைக்குப் போகிற பெண்ணை, அவள் குடும்பத்தார் வாயாலேயே 'சின்ன வீடு' என்று சொல்ல வைத்திருக்கிறீர்கள். வெளியார் ஒருவர் ஏளனமாகச் சொல்லும் இடமென்றால் அந்தச் சொல் பொருந்தும், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். வீட்டுக்குள் அது வரவே கூடாது.

இதன் விளைவைத் தொடர் பார்த்தவர்கள் பேசிக்கொள்வதில் கேட்கலாம். "மூத்தவளுக்குத் துரோகம் பண்ணிட்டான்" என்று ஒருவர், "அந்தச் சின்னப் பொண்ணு மார்ஜீன் வளைச்சுப் போட்டுட்டா" என்று இன்னொருவர். அவர்கள் மேல் தப்பில்லை. உங்கள் வரிகளை நம்பிப் படித்தவர்கள். அந்த வரிகள் அவர்களுக்கு வேறொரு கதையைச் சொல்லியிருக்கின்றன, நம் சீரியல்களில் தினமும் ஓடுகிற பழைய கதையை.

எங்கள் கோரிக்கை இதுதான்: இப்போதிருக்கும் தமிழ் சப்டைட்டிலைத் திரும்பப் பெற்று, விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள்.

அடுத்தது 'சிஸ்டர் வைஃப்'. இதை நீங்கள் 'சகோதரி மனைவி' ஆக்கியிருக்கிறீர்கள். அக்காவையும் தங்கையையும் ஒருவரே கட்டிக்கொள்வது நம் ஊரில் கேள்விப்படாத விஷயமில்லை. அதனால் பார்ப்பும் நிக்கியும் உடன்பிறந்தவர்களா என்று பார்வையாளர்கள் மெனக்கெட்டு விவாதிக்கிறார்கள். இல்லை. ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஒருவரையொருவர் குறிக்கும் உறவுச்சொல் அது. சக்களத்தி என்ற தயார்ச் சொல் நம்மிடம் உண்டு, ஆனால் சண்டை அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மார்ஜீன் பாசத்தோடு சொல்லும் இடத்தில் அதைப் போட முடியாது. 'உடன்பிறந்தாள்' போல 'உடன்மனைவி' என்று வைத்தால் அக்கா தங்கை என்ற வாசனையும் தங்கும், குழப்பமும் வராது. எதிர்வீட்டார் ஏசும்போது மட்டும் 'சக்களத்தி' வரட்டும்.

இடம் போதவில்லை என்று சொல்வீர்கள் என்று தெரியும், அதையும் எண்ணிப் பார்த்துவிட்டோம். வரிக்கு 42 எழுத்து, அதிகம் இரண்டு வரி, ஒரு வரித்தொகுதி திரையில் ஏழு நொடிக்கு மேல் நிற்காது என்பது இந்தத் தொழிலில் பரவலான அளவு. தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நாம் ஒரே எழுத்தாகப் படிக்கும் 'வி'யைக் கணினி வகரமாகவும் இகரக் கொக்கியாகவும் பிரித்து இரண்டாக எண்ணும், புள்ளி வைத்த மெய்யும் அதற்கு இரண்டு. அப்படியும் 'சகோதரி மனைவி' இடைவெளியோடு 12, 'உடன்மனைவி' ஒன்பதுதான். உங்களுக்கு மூன்று மிச்சம்.

இன்னொரு சொல்லைப் பற்றி நிதானமாகவே எழுத முயல்கிறோம். 'லாஸ்ட் பாய்ஸ்' என்பது உங்கள் வரிகளில் 'காணாமல் போன பையன்கள்'. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகப் பிறக்கிற ஒரு மூடிய ஊரில் ஒரு கிழவர் பத்துப் பெண்களைக் கட்டினால் ஒன்பது பையன்களுக்கு அங்கே இடமில்லை. அதனால் பதின்ம வயதிலேயே ஏதாவது குற்றம் சாட்டி அவர்களை வெளியே தள்ளுகிறார்கள். கதையில் பில் அப்படி 14 வயதில் துரத்தப்பட்டவன். கதைக்கு வெளியேயும் யூட்டாவின் ஹில்டேல், அரிசோனாவின் கொலராடோ சிட்டி என்ற இரட்டை ஊர்களில் நடந்ததுதான் இது. 'காணாமல் போன' என்றால் பையன் எங்கோ வழி தவறிவிட்டான் என்றாகிறது. தேடுகிற பெற்றோரும் கண்ணீருமாக ஒரு படம் மனசில் விழுகிறது. இங்கே தேடுகிறவர் யாருமில்லை, தள்ளிவிட்டவர்களே பெற்றவர்கள். 'துரத்திவிட்ட' என்று எழுதினால் அதே கணக்கில் ஒரே ஒரு எழுத்துதான் கூடும். அந்த ஒரு எழுத்துக்கு இடம் ஒதுக்க முடியாதா?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 'காம்பவுண்டிலிருந்து தப்பி வந்தேன்' என்றால் தமிழில் சுவரேறிக் குதித்தேன் என்றுதான் படும். ஜூனிபர் கிரீக் ஒரு குடியிருப்பு, அப்படியே எழுதலாம். 'வார்டு' என்றதும் ஆஸ்பத்திரியோ கவுன்சிலரோதான் ஞாபகம் வரும், அமெரிக்காவில் தோன்றிய மதப் பிரிவான மார்மன் சபையில் அது ஒரு பகுதிச் சபை. அதன் 'பிஷப்' சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர். வேலைக்குப் போய்வந்து சபையைப் பார்த்துக்கொள்பவர். அவரைப் 'பேராயர்' ஆக்கி மறைமாவட்டமே கொடுத்துவிட்டீர்கள். பல வார்டுகள் சேர்ந்த 'ஸ்டேக்' உங்களிடம் 'பங்கு' ஆகியிருக்கிறது. கத்தோலிக்கத் தமிழில் பங்கு என்றால் திருச்சபைப் பகுதி என்பதால், பங்குச் சந்தையை நினைத்துக்கொண்டு எழுதியவர் தெரியாமலேயே பாதி தூரம் சரியாக வந்துவிட்டார். பாராட்டுகள். மார்ஜீன் ஒரு வரியில் பார்ப்பை 'நீ' என்கிறாள், அடுத்த வரியில் 'நீங்க'. மூத்தவளிடம் இளையவள் எப்படிப் பேசுகிறாள் என்பதில்தான் இந்த வீட்டின் அதிகாரமே இருக்கிறது. ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே வையுங்கள்.

தொடரின் அறிமுகக் குறிப்பை விட முடியாது. 'மார்மன் மதத்தினரின் பலதார வாழ்க்கையைச் சொல்லும் கதை' என்று போட்டிருக்கிறீர்கள். தங்களைப் பிற்காலப் பரிசுத்தவான்கள் என்று அழைத்துக்கொள்ளும் அந்தச் சபை 1890இல், வில்ஃபர்ட் உட்ரஃப் தலைவராக இருந்தபோது, பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1904இல் இரண்டாவது அறிக்கை வந்தது. அதன்பின் பலதாரம் செய்பவர்களைச் சபை நீக்குகிறது. அதை விட மறுத்துப் பிரிந்துபோன குழுக்களின் சாயலில் அமைந்ததுதான் ஜூனிபர் கிரீக். பில்லின் குடும்பமோ அந்தக் குழுவிலும் இல்லாமல், சபையிலும் இல்லாமல், மார்மன் அக்கம்பக்கத்தாருக்கு நடுவில் ஒளிந்து வாழ்கிறது. மார்மன் எல்லோருமே பலதாரக்காரர்கள் என்றால் மார்மன் ஊரிலேயே இவர்கள் எதற்கு ஒளிய வேண்டும்? பார்ப் ஏன் சபையிலிருந்து நீக்கப்பட வேண்டும்? உங்கள் ஒரு வரி கதையின் முதுகெலும்பை உருவி எடுத்துவிடுகிறது. தொடரை எடுத்தவர்களே 1890 தடையைத் திரையில் எழுத்தாகப் போட்டார்கள். அந்தத் திரை எழுத்துக்குத் தமிழே இல்லை. வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரை எழுத்தை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

2009 மார்ச்சில், மார்மன் ஆலயச் சடங்கு ஒன்றைக் காட்டும் பகுதி ஒளிபரப்பாகும் முன்பே சபை அறிக்கை விட்டது, மனம் புண்பட்டவர்களிடம் தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ வருத்தம் தெரிவித்தது. எடுத்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. யாருடைய நம்பிக்கையைத் தொடுகிறோம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே?

இங்கே நடப்பது ஊரறிந்ததுதான். நேரம் குறித்த ஆங்கில டெம்ப்ளேட் ஒன்று வரும். படத்தைப் பார்க்க நேரமில்லாமல், நிமிடக் கணக்கில் கூலி வாங்குபவர் வரிகளை நிரப்புவார். சில சமயம் அவரும் இல்லை, எந்திரம் நிரப்பியதை ஒருவர் மேலோட்டமாகத் தடவிவிடுவார். கடைசியில் சமையல்காரர், டிரைவர் பெயரெல்லாம் ஓடும், தமிழாக்கியவர் பெயர் மட்டும் ஓடாது. பெயர் போடாத வேலையில் யாருக்கும் கூச்சம் இருக்காது. 'தமிழிலும் கிடைக்கும்' என்று விளம்பரம் செய்ய மட்டும் தமிழ் வேண்டியிருக்கிறது, மாதச் சந்தாவும் தமிழர்களிடம் குறையாமல்தான் வசூலாகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டோம்.

தயவுசெய்து இப்போதுள்ள தமிழ் வரிகளை எடுத்துவிடுங்கள். திருத்தும் வரை ஆங்கில வரி மட்டும் ஓடினாலும் பரவாயில்லை. தொடரை முழுக்கப் பார்த்த ஒருவரிடம் வேலையைக் கொடுங்கள், முதல் வரி எழுதும் முன்பே சொற்பட்டியல் ஒன்றை முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். உடன்மனைவி, குடியிருப்பு, துரத்திவிட்ட பையன்கள், யார் யாரை 'நீ', யார் யாரை 'நீங்க' என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். திரை எழுத்துக்கும் தமிழ் போடுங்கள். அறிமுகக் குறிப்பை மட்டுமாவது இன்றே மாற்றலாம். 'சபை தடைசெய்த பலதார மணத்தை ரகசியமாகக் கடைப்பிடிக்கும் ஒரு யூட்டா குடும்பத்தின் கதை' என்று எழுத ஐந்து நிமிடம் ஆகாது. எங்கள் பட்டியலைப் புகார்களோடு சேர்த்தே அனுப்பியிருந்தோம், தொலைந்திருந்தால் சொல்லுங்கள், மறுபடி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தமிழ் வரிகளை நம்பிப் பார்த்துவரும் பார்வையாளர்கள்

பி.கு.: நான்காம் சீசனில் பில் தேர்தலில் நிற்கும் பகுதிகளில் 'மாநில மேலவை', 'வேட்புமனு', 'தொகுதி' எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்திருக்கின்றன. அதைச் செய்தவர் யாரோ, அவரையே கூப்பிடுங்கள்.