இடுப்புத் தோலில் கிடைத்த சான்றை வைத்து முகத்துக்கு மருந்து எழுதாதீர்கள்

முகத்துக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தரும் மருத்துவர்களுக்கும், அதைத் தனியாகக் கலந்து தரும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் தோலுக்கு உறுதி தரும் புரதமான "கொலாஜன் திரும்பி வரும்" என்று சொல்லி, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வகைகளான ஈஸ்ட்ராடியோலோ ஈஸ்ட்ரியோலோ கலந்த கிரீமை முகத்தில் பூசச் சொல்வது பெருகி வருகிறது. ஈஸ்ட்ரோஜனுக்குத் தோலில் வேலையே இல்லை என்று வாதாட நாங்கள் வரவில்லை. வேலை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் எந்த இடத்துத் தோலில், ஒரு நாளைக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற இரண்டு விவரங்கள் உங்கள் மருந்துச்சீட்டிலும் டப்பாவின் மேல் ஒட்டும் தாளிலும் காணோம். அவற்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், உங்கள் பக்கம் உள்ள நியாயம். 1980-களில் லண்டனில் மார்க் பிரின்காட் குழுவினர் அளந்து சொன்னது இன்றும் நிற்கிறது: மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30% குறைகிறது, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 2% வீதம் குறைந்துகொண்டே போகிறது. இந்தச் சரிவு பெண்ணின் வயதைவிட, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டாயிற்று என்பதோடுதான் ஒட்டிப் போகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கும் கொலாஜன் இழப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஈஸ்ட்ராடியோலை வயிற்றுத் தோலில் பூசிப் பார்த்த ஆய்விலும் பிட்டத் தோலில் பூசிப் பார்த்த ஆய்விலும் கொலாஜன் உற்பத்தி கூடியது. கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி-1 என்ற நொதி குறைந்ததையும் பிட்டத் தோலில் காட்டியிருக்கிறார்கள்.

வயிறு, பிட்டம். இரண்டுமே ஆடைக்குள் இருக்கும் தோல் என்பதை இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள்.

2008-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லோர் ரிட்டியே குழுவினர் செய்த ஆய்வுதான் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. மாதவிடாய் நின்ற 40 பெண்கள், 30 ஆண்கள், சராசரி வயது 75. 0.01% முதல் 2.5% வரை பல வீரியங்களில் ஈஸ்ட்ராடியோலை வெயில் படாத இடுப்பிலும், வெயிலில் முதிர்ந்த முன்கையிலும் முகத்திலும் இரண்டு வாரங்களுக்குள் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசினார்கள். பெண்களின் இடுப்புத் தோலில் முதல் வகை, மூன்றாம் வகை கொலாஜன்களின் முன்வடிவம் (புரோகொலாஜன்) கூடியது. ஆண்களிடமும் கூடியது, ஆனால் குறைவாக. முன்கையிலும் முகத்திலும் கூடவில்லை. அங்கே செல்லில் ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பி இல்லாமல் போயிற்றோ என்று பார்த்தால் அதுவும் இருந்தது. மருந்து போய்ச் சேர்ந்தது, கதவும் திறந்தது, உள்ளே வேலை மட்டும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் தோலின் கட்டுமானத்தில் இருக்கிறது. கொலாஜனை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல், சுற்றியுள்ள கொலாஜன் இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறைப்பாக நிற்கும்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்யும். ஆண்டுக்கணக்காகப் புற ஊதாக் கதிர் பட்ட தோலில் எம்.எம்.பி நொதிகள் அந்த இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கும். பிடிக்கக் கயிறில்லாத செல் சுருண்டுவிடும். சுருண்ட செல் கொலாஜனைக் குறைவாகவும் வெட்டும் நொதியை அதிகமாகவும் சுரக்கும். ஹார்மோன் என்ற கட்டளை வந்தாலும், தறியே அறுந்து கிடக்கும்போது நெசவாளி என்ன செய்வார்? இடுப்பில் தறி அறுபடவில்லை, அதனால் அங்கே கட்டளை பலித்தது.

இரண்டு வாரம் போதாது, மாதக்கணக்கில் பூசினால் முகத்திலும் பலன் வரும் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான எதிர்வாதம்தான். முகத்தில் 24 வாரம் பூசிய 1994-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தில்லாத கிரீமோடு ஒப்பிட்டபோது தோலின் தடிமன் கூடியது, மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன. 1996-ல் 0.01% ஈஸ்ட்ராடியோலையும் 0.3% ஈஸ்ட்ரியோலையும் 6 மாதம் பூசிய ஆய்விலும் சுருக்கத்தின் ஆழம் குறைந்தது. ஆனால் இந்த இரண்டாவது ஆய்வில் மருந்தில்லாத கிரீம் பூசிய குழுவே கிடையாது. வெறும் ஈரப்பத கிரீமை 6 மாதம் விடாமல் பூசினாலும் முகம் கொஞ்சம் தெளியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தடிமன் பற்றியும் ஒரு சொல். அல்ட்ராசவுண்டில் தோல் தடித்துத் தெரிந்தால் கொலாஜன் கூடிவிட்டது என்று எழுதிவிடுகிறோம். ஈஸ்ட்ரோஜன் தோலில் ஹயலுரோனிக் அமிலத்தைக் கூட்டும், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், தோல் உப்பும். சில வாரங்களிலேயே கண்ணாடியில் தெரியும் "பளபளப்பு" பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். தோலின் கொலாஜனோ ஆண்டுக்கணக்கில் மெதுவாகத்தான் மாறும். மூன்றாம் வாரமே "கொலாஜன் ஏறிவிட்டது" என்று சொல்லும் மருத்துவர் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறார். உண்மை தெரிய வேண்டுமானால் பயாப்ஸி எடுத்து, கொலாஜனில் நிறைந்துள்ள ஹைட்ராக்ஸிபுரோலினை அளக்க வேண்டும், அல்லது முதல் வகை புரோகொலாஜனுக்குச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகை மட்டும் கூடியிருந்தால் அதை வெற்றியாக எண்ண வேண்டாம், முதிர்ந்த தோலின் தாங்குதிறன் பெரும்பாலும் முதல் வகையில் இருக்கிறது.

இனி அளவு. எங்களை இந்த மடல் எழுதவைத்தது உண்மையில் இதுதான்.

விரல்நுனி அளவு என்று தோல் மருத்துவத்தில் சொல்வது உங்களுக்குப் பழக்கமானது: 5 மி.மீ. வாயுள்ள டியூபிலிருந்து சுட்டுவிரலின் கடைசி மடிப்பு முதல் நுனி வரை பிதுக்கினால் சுமார் 0.5 கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் 2.5 விரல்நுனி, அதாவது 1.25 கிராம் பிடிக்கும். 0.01% என்றால் கிராமுக்கு 100 மைக்ரோகிராம். ஒரு தடவை பூசினால் 125 மைக்ரோகிராம் ஈஸ்ட்ராடியோல் தோல் மேல் இருக்கும். உடலில் பூசும் ஈஸ்ட்ராடியோல் ஜெல்களில் சுமார் 10% உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், ரத்தத்துக்குப் போவது 12.5 மைக்ரோகிராம். சிறிய அளவுதான், ஆனால் சுழியம் அல்ல. இப்போது அதே மருந்துச்சீட்டில் ஒரு சுழியை விட்டுவிட்டு 0.1% என்று எழுதுங்கள். தினமும் 125 மைக்ரோகிராம் உள்ளே போகும். மாதவிடாய் நிறுத்தச் சிகிச்சைக்கு ஒட்டும் வழக்கமான பேட்ச் ஒன்று நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம்தான் விடும். "அழகு கிரீம்" என்ற பெயரில் இரண்டரை பேட்ச்! காலையும் மாலையும் பூசச் சொல்லியிருந்தால் ஐந்து.

முகத்துக்கு இந்த 10% என்பது குறைத்துப் போட்ட கணக்காகவும் இருக்கலாம். 1967-ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது, முன்கையை 1 என்று கொண்டால் நெற்றி 6, தாடைக் கோணம் 13. ஈஸ்ட்ராடியோல் அதே மடங்கில்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் முகத்தோல் முன்கைத் தோலைவிட மருந்தைத் தாராளமாக விடும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடக் கூடாது. ஈஸ்ட்ரியோல் வீரியம் குறைந்ததாயிற்றே என்பவர்களுக்கு: 0.3% கிரீமை 1.25 கிராம் பூசினால் தோல் மேல் 3.75 மி.கி. பெண்ணுறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரியோலின் வழக்கமான அளவு 0.5 மி.கி.

ஆகவே சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். "ஒரு தடவைக்கு இத்தனை கிராம் கிரீம், அதில் இத்தனை மைக்ரோகிராம் ஈஸ்ட்ராடியோல்" என்று எழுதுங்கள். சுழியம் தவறினால் மருந்தாளுநர் கண்ணில் உடனே படும்.

மருந்தாளுநர்களே, உங்கள் மேசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 30 கிராம் 0.01% கிரீமுக்கு வேண்டிய ஈஸ்ட்ராடியோல் வெறும் 3 மி.கி.தான். 6 மி.கி. நுண்ணுணர்வுள்ள சாதாரண மருந்தகத் தராசில் 5% பிழைக்குள் நிறுக்கக்கூடிய குறைந்த எடை 120 மி.கி. 3 மி.கி.யை அதில் நிறுத்துப் போட்டால் நீங்கள் நிறுத்தது காற்றையா மருந்தையா என்று தராசுக்கே தெரியாது. 120 மி.கி. நிறுத்து, எத்தனாலும் புரொப்பிலீன் கிளைகோலும் சேர்ந்த கரைப்பானில் முழுதும் கரைத்து 40 மி.லி. ஆக்குங்கள். அதில் 1 மி.லி.யில் 3 மி.கி. இருக்கும். அதை முதலில் சிறிதளவு கிரீமில் கலந்து, பிறகு கலவைக்குச் சமமான அளவு கிரீமை ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டே போய் 30 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஈஸ்ட்ராடியோல் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. தூளை அப்படியே கிரீமில் கொட்டிக் கிளறினால் கட்டி கட்டியாய் நின்றுவிடும். அப்போது டப்பாவின் மேல்பாதி பூசியவருக்கு ஒன்றும் இருக்காது, அடிப்பாதி பூசியவருக்கு இரட்டிப்பு. தூளைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் உங்களுக்காகத்தான்.

பெண்ணுறுப்புக்கான ஈஸ்ட்ராடியோல் கிரீமையே முகத்துக்குப் பூசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வீரியம் தெரிந்த பொருள் என்ற ஒரு வசதி அதில் உண்டு. ஆனால் அவற்றில் சிலவற்றில் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் புரொப்பிலீன் கிளைகோலும் இருக்கும். கன்னம் சிவந்து எரிந்தால் "ஹார்மோன் வேலை செய்கிறது" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது எரிச்சல்தான்.

முகத்துக்குத்தானே என்று கருப்பையைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறீர்கள். கருப்பை உள்ள பெண்ணுக்குப் புரோஜெஸ்டரோன் துணையின்றி ஈஸ்ட்ரோஜன் மட்டும் நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் கருப்பையின் உட்படலம் தடிக்கும், அதிலிருந்து புற்றுநோய் வரை போகலாம். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உட்படலத்தைப் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையில் "என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், முகத்தில் பூசும் கிரீமை எந்தப் பெண்ணும் மருந்தாக எண்ணிச் சொல்லப்போவதில்லை. கிரீமைக் கொடுத்த நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் வந்து அரோமடேஸ் தடுப்பி மாத்திரை எடுப்பவர்களுக்கு எந்த வீரியத்திலும் இதை எழுதாதீர்கள். உடலின் ஈஸ்ட்ராடியோலை ஏறக்குறைய இல்லாமல் ஆக்குவதுதான் அந்த மாத்திரையின் வேலை. நீங்கள் "சொற்பம்" என்று எண்ணுவது அங்கே சொற்பமல்ல.

மங்கு உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கருமையைக் கூட்டக்கூடும். சுருக்கத்துக்கு வந்தவர் கன்னம் கறுத்துத் திரும்பினால் அதற்கு ஆறு மாதச் சிகிச்சை தனி.

குழந்தை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கையில் தெளிக்கும் ஈஸ்ட்ராடியோல் ஸ்பிரே பட்டதால் குழந்தைகளுக்கு மார்பு வளர்ந்ததையும் வளர்ப்புப் பிராணிகள் பாதிக்கப்பட்டதையும் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-ல் எச்சரித்தது. முன்கையையாவது சட்டைக் கையால் மூடலாம், முகத்தை மூட முடியாது. இரவில் பூசி, கையைச் சோப்பால் கழுவி, காலையில் முகம் கழுவியபின் குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஏறுகிறதா என்று பார்க்க விரும்பினால் எதிர்ப்பொருளை வைத்து அளக்கும் சாதாரண இம்யூனோ சோதனை போதாது. மாதவிடாய் நின்றவரின் ஈஸ்ட்ராடியோல் அளவு மிகக் கீழே இருப்பதால் அந்தச் சோதனை அங்கே தடுமாறும். மூலக்கூறை அதன் நிறையால் இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிரீம் தொட்ட விரலில் குத்தி ரத்தம் எடுக்காதீர்கள். விரலில் ஒட்டியிருக்கும் மருந்தே எண்ணை எங்கோ ஏற்றிவிடும்.

வெயிலில் முதிர்ந்த முகத்தோடு வருபவருக்கு என்ன கொடுப்பது என்பதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. வெயில் பட்ட தோலில், வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த மருந்தான ட்ரெட்டினாயினை 10 முதல் 12 மாதம் பூசிய 1993-ஆம் ஆண்டு ஆய்வில் முதல் வகை கொலாஜன் உருவாவது 80% கூடியது, வெறும் கிரீம் பூசியவர்களிடம் 14% குறைந்தது. ஈஸ்ட்ரோஜன் தோற்ற அதே வகைத் தோல்தான் இது. ஆஸ்திரேலியாவில் நாலரை ஆண்டு தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதுமை, விருப்பப்படி பூசியவர்களைவிட 24% குறைவாக இருந்ததாக 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டையும் முதலில் ஓராண்டு ஒழுங்காகப் பூசவையுங்கள். ட்ரெட்டினாயின் முதல் சில வாரங்கள் தோலை உரிக்கும். வாரத்துக்கு இரண்டு இரவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகும் ஈஸ்ட்ரோஜன் எழுதத்தான் வேண்டுமென்றால் 0.01%-க்கு மேல் போகாதீர்கள், இரவில் ஒரு தடவை மட்டும். 24 வாரத்தில் பார்த்து, தெளிவான மாற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள். பலன் வரவில்லை என்று வீரியத்தை ஏற்றுவதுதான் நாங்கள் காணும் பெரிய தவறு. மிச்சிகன் ஆய்வில் 2.5% வரை ஏற்றியும் முகம் அசையவில்லை. ஏறியிருக்கக்கூடியது ரத்தத்தில் உள்ள அளவுதான்.

ஆய்வு நடத்தும் வசதி உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காதுக்கு முன்புள்ள முகத்தோலில், மருந்தில்லாத கிரீம் பூசும் குழுவோடு, ஓராண்டு பூசி, தொடக்கத்திலும் 6-ஆம் மாதத்திலும் 12-ஆம் மாதத்திலும் பயாப்ஸி எடுத்து முதல் வகை புரோகொலாஜனை அளந்து வெளியிடுங்கள். கூடவே ட்ரெட்டினாயின் மட்டும் பூசும் குழு, இரண்டையும் பூசும் குழு என இன்னும் இரண்டு சேர்த்தால், தறியை ட்ரெட்டினாயின் முதலில் சீராக்கினால் ஈஸ்ட்ரோஜனின் கட்டளை முகத்திலும் பலிக்குமா என்பது தெரிந்துவிடும். அதில் நாங்கள் தவறு என்று வந்தால் இந்த மடலை நாங்களே திருத்தி எழுதுகிறோம்.

இப்படிக்கு,
தோலியலிலும் மருந்தாக்கத்திலும் பணிபுரியும் சிலர்