பேச்சாளர் வரவில்லை என்று அறிவித்தவர்களுக்கு

வடதுருவ ஆய்வு மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

கடந்த ஜனவரி 28, புதன்கிழமை, உங்கள் ஊர் நேரம் காலை 10.40 அமர்வில் பேச வேண்டியிருந்தவன் நான். அப்போது சென்னையில் பிற்பகல் 3.10. அறையில் உட்கார்ந்து இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேச்சாளர் வரவில்லை, காபிக்குக் கொஞ்சம் சீக்கிரமே போகலாம்" என்றார் அமர்வுத் தலைவர். அரங்கில் சிரிப்பு. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஏற்புக் கடிதம் டிசம்பர் 12 அன்று வந்தது. அது இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பித்துப் பயனில்லை. சென்னை விசா மையத்தில் நேரம் கிடைக்கவில்லை. பெங்களூரில் 29ஆம் தேதிக்குக் கிடைத்தது. இரவு ரயில், கைரேகை, 90 யூரோ, பிறகு காத்திருப்பு. விசா மறுக்கப்பட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அந்தப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூரியர்காரர் மணி அடித்தார். பாஸ்போர்ட்டில் விசா அழகாக ஒட்டியிருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்போ கிளம்பணும்?" என்று கேட்டார்.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை ஆகலாம். இது ரகசியமில்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: ஏற்புக் கடிதத்தை மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்பே அனுப்புங்கள்.

ஜனவரி நடுவிலேயே, இணையம் வழியாகப் பேசலாமா என்று எழுதிக் கேட்டேன். இணைய வசதி பார்வையாளர்களுக்கு மட்டுமே என்று பதில் வந்தது. பார்க்கலாம், பேசக் கூடாது. பதிவுக் கட்டணமும் திரும்பாது. அது என் ஒரு மாத உதவித்தொகையில் பாதிக்கு மேல்.

நான் பேச இருந்தது, வடதுருவப் பகுதியில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்குடாவைப் பற்றி. இந்தியா 2014இல் அங்கே 192 மீட்டர் ஆழத்தில் 'இண்ட்ஆர்க்' கருவித்தொகுதியை இறக்கியது. கரையில், நி-ஓலசுண்ட் என்ற ஊரில், 2008 முதல் எங்கள் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்தக் குடாவுக்குள் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் நுழைவதை எங்கள் கருவி பதிவு செய்கிறது. கருவி அங்கே இருக்கலாம், அதன் கணக்கைச் சொல்கிறவன் மட்டும் வர முடியாது. 1920இன் ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு. அந்தத் தீவுகளுக்கு விசாவே தேவையில்லை. ஆனால் விமானம் நார்வேயின் பெருநிலப்பகுதி வழியாகத்தான் போகிறது. அதற்கு விசா வேண்டும். கடலில் நீந்தி வருவதற்குத் தடையில்லை என்று நினைக்கிறேன்.

வராதவர்கள் நான் மட்டுமில்லை. வடதுருவக் கடற்கரையில் ஏறக்குறையப் பாதி ரஷ்யாவுடையது. உக்ரைன் போர் மூண்ட 2022க்குப் பிறகு அங்கிருந்து வரும் தரவு சுருங்கிவிட்டது. சைபீரியாவின் உறைமண் போரைப் பார்த்து உருகாமல் நிற்கப் போவதில்லை. அந்தக் கதவு உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கடிதத்தின் தேதி உங்கள் கையில்தான் இருந்தது. எல்லோருக்குமான வடதுருவம் என்று பதாகை கட்டுவதற்கு முன்னால், அந்த எல்லோரில் யார் யாருக்கு விசா வேண்டும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர்களுக்கு நேரம் போதவில்லை என்பீர்கள். ஆய்வுச் சுருக்கங்களை ஜூனிலேயே வாங்கி முடித்துக்கொண்டால் செப்டம்பருக்குள் பதில் சொல்லலாம். அதுவும் முடியாதென்றால், விசா தேவைப்படுகிறவர்களின் சுருக்கங்களையாவது முதலில் படியுங்கள். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

அடுத்த ஜனவரிக்கும் என் சுருக்கத்தை அனுப்பியிருக்கிறேன். ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பது உங்கள் உரிமை. எதுவானாலும் செப்டம்பருக்குள் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
10.40 மணிப் பேச்சாளர்
சென்னை