மண்டபத்தையாவது திறந்து வையுங்கள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மதியம் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 5 மணிக்குத்தான் திறப்பீர்கள். 20 வருடமாக வருகிற எனக்கு அது தெரியும். நடை சாத்துவதை நான் குறை சொல்லவில்லை, அது முறை. நான் கேட்பது மண்டபத்தை மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை, என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த மூன்றாம் நாள். இன்னும் இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் பிடித்து நேரே கோயிலுக்கு வந்தேன். மணி 12.40. கம்பிக் கதவு பூட்டியிருந்தது. "அஞ்சு மணிக்கு வாங்கக்கா" என்றார் காவலுக்கு நின்ற தம்பி. அவர் மேல் தப்பில்லை, அவர்தான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். நான் வழக்கமாக உட்காரும் தூண் அங்கிருந்தே தெரிந்தது. மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

அன்றைக்கு நான் வேண்டுதல் வைக்க வரவில்லை. அழ வந்தேன். வார்டில் அழ முடியாது, அவர் கண் திறந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். வீட்டில் மகள் ஓ லெவல் தேர்வுக்குப் படிக்கிறாள், மூவறை வீட்டில் மூக்கை உறிஞ்சினாலும் கேட்கும். எம்ஆர்டி ரயிலில் எப்படி அழுவது? அம்மன் எதிரில் அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அரை மணி நேரம் அழுது தீர்த்து, குங்குமம் வைத்துக்கொண்டு எழுந்தால் மறுநாள் வரைக்கும் தாங்கும். அவர் பிழைப்பாரா என்று அம்மனிடம் நான் கேட்டதில்லை. எனக்குத் தெம்பு கொடு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

2020இல் கொவிட் வந்து எல்லாக் கோயில்களும் மூடிக் கிடந்தபோது, வீட்டு விளக்கின் முன் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டோம். அப்போது காரணம் இருந்தது. இப்போது என்ன காரணம்?

1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு வேலை கிடைக்கும்வரை தங்க இடம் கொடுத்தது. ஜப்பானியர் குண்டு போட்டபோது சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் சனங்கள் தஞ்சம் புகுந்தார்கள். அதே ஊரில்தான் நம் கோயிலும் இருக்கிறது. குடமுழுக்கு நிதிக்கு வீடு தேடிக் கடிதம் வருகிறது, நாங்களும் முடிந்ததைக் கொடுக்கிறோம். ஆனால் மனம் உடைந்து வருகிறவர் உட்கார நாலரை மணி நேரம் இடம் கிடையாது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வருகிறவர்களுக்கு அந்த மதிய நேரம்தான் கிடைக்கிறது. இதை உங்களிடம் யாரும் சொன்னதே இல்லையா?

மன்னிக்க வேண்டும், கோபம் வந்துவிட்டது. உங்களில் பலர் வேலைக்கும் போய்க்கொண்டு, சம்பளமில்லாமல் கோயிலுக்கு உழைப்பது எனக்குத் தெரியும்.

கருவறை சாத்தியே இருக்கட்டும். அர்ச்சனை வேண்டாம், விளக்குக்கூடப் போட வேண்டாம். மண்டபத்தை மட்டும் திறந்து வையுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால், எனக்குச் செவ்வாயும் வியாழனும் ஓய்வு நாள். என் கணவர் இப்போது சாதாரண வார்டுக்கு வந்துவிட்டார், மதியத்தில் என்னால் வந்து உட்கார முடியும். சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பணிவுடன்,
உங்கள் கோயில் பக்தை ஒருத்தி