கனகா, முதலில் காதைக் காட்டு

அபர்டீன்

அன்புள்ள கனகா,

நாங்கள் எல்லோரும் நலம். பேத்திக்கு முன்பல் விழுந்தது, குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். உன் மூட்டுவலிக்கு அந்த எண்ணெயை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்ற தீவுக்கூட்டத்தில் நடக்கும் கம்பளி வாரத்துக்குப் போய் வந்துவிட்டேனடி! 2010-இல் தொடங்கிய விழா, செப்டம்பர் கடைசியில் நடக்கும். இங்கே சாயங்காலம் கப்பல் ஏறினால் விடியும்போது அங்குள்ள லெர்விக் துறைமுகம். எங்கெங்கிருந்தோ பின்னுகிறவர்கள் வந்து குவிகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் தெருவில் நிறுத்தி, ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, என்ன நூல் என்று கேட்கிறார்கள். நம் தையல் டீச்சர் இதைப் பார்த்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பார்.

ஆனால் கிளம்பும்வரை பயந்துகொண்டேதான் இருந்தேன். போன வருடம் வேறோர் ஊரில் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். நடத்தியவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். உதடு தெரியாவிட்டால் காது குறைந்த எனக்கு எப்படிப் புரியும்? எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்றார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒன்றுமில்லையா இல்லையா என்பதைக் கேட்டுவிட்டு நானே முடிவு செய்துகொள்ள மாட்டேனா?

காதில் மெஷின்தான் மாட்டியிருக்கிறாளே, அப்புறம் என்ன என்று உன் தம்பி கேட்டானாமே, அவனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்குச் சத்தம் கேட்கிறது. உயிரெழுத்துகளின் ஒலி நன்றாகவே வந்து சேர்கிறது. ச, த, க மாதிரி மெல்லிய ஒலிகள்தான் வழியிலேயே தொலைகின்றன. காலையா, சாலையா என்று உதட்டையும் பேச்சின் போக்கையும் வைத்து ஊகிக்க வேண்டும். மெஷின் பெரிய உதவிதான். ஆனால் கூட்டத்தில் நாற்காலி இழுபடுவதையும் கோப்பைகள் மோதுவதையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். சாயங்காலத்துக்குள் மண்டை கனத்துப்போகும். நாள் முழுக்க ஊகித்த களைப்பு அது.

லெர்விக்கில் நான் சேர்ந்தது ஸ்டீக் வகுப்பு. அந்தத் தீவுகளில் ஸ்வெட்டரைக் குழாய் மாதிரி வட்டமாகவே பின்னி முடிக்கிறார்கள். முன்பக்கம் திறப்பு வேண்டுமென்றால் கத்தரிக்கோலை எடுத்து நடுவில் நறுக்கிவிடுகிறார்கள்! அதுதான் ஸ்டீக். அந்த ஆட்டுக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் கண்ணிகள் பிரிந்து ஓடுவதில்லை. சொல்லிக்கொடுத்த அம்மாள் இடுப்பில் தோல் பெல்ட் கட்டியிருந்தார். அதில் குதிரைமுடி அடைத்த பட்டை, பட்டையில் துளைகள். ஊசியை ஒரு துளையில் செருகிவிட்டால் அதைத் தாங்க வேண்டியதில்லை, வலது கை நூலை மட்டும் பார்த்துக்கொள்ளும். என்ன வேகம் தெரியுமா!

ஆரம்பிக்கும் முன்பே அவரிடம் போய், எனக்குக் காது குறைவு, உங்கள் முகம் தெரிகிற இடம் வேண்டும், இந்தச் சின்ன மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்டேன். அது அவர் குரலை நேரே என் மெஷினுக்கு அனுப்பும். உடனே மாட்டிக்கொண்டார். நான் கேட்காத ஒன்றையும் செய்தார் கனகா. கை வேலை செய்யும்போது அவர் பேசவே இல்லை. செய்து காட்டினார், நிறுத்தினார், நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பேசினார். கையையும் உதட்டையும் ஒரே நேரத்தில் நான் எப்படிப் பார்ப்பது? இத்தனை வகுப்புகளில் இதை யோசித்த முதல் ஆள் அவர்தான். நன்றாகக் காது கேட்பவர்களும் இப்படிச் சொன்னால்தான் புரிகிறது என்றார்கள். நான் நறுக்கியபோது கை நடுங்கியது, ஆனால் ஒரு கண்ணிகூடப் பிரியவில்லை.

சரி, இப்போது உன் விஷயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போன தடவை வீடியோவில் சாரதா பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டேன். நீ "ஆமாமா, நல்லா இருக்கா" என்று தலையாட்டினாய். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்று உன் மருமகளும் எழுதியிருந்தாள். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது. நாளாக ஆக மூளையும் அந்த ஒலிகளை மறந்துபோகும், பிறகு மெஷின் பழகுவது இன்னும் கஷ்டம். அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றிக்கொள்ளாதே. ஒருவேளை அழுக்குத்தான் என்றாலும் டாக்டரே எடுத்துவிடட்டும். ஆடியோகிராம் எடுக்கச் சொல். ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள், 'கீ' என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான், வலியே இல்லை. ஈரோட்டில் திருப்தியில்லை என்றால் திம்பம் மலையேறி மைசூர் போ. அங்கே இதற்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

ஊர் என்ன பேசும் என்கிறாயா? பேசட்டும். அதை முதலில் நீ கேட்க வேண்டாமா?

ரிப்போர்ட் வந்ததும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. போன் வேண்டாம், எழுது. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தலையாட்டிக்கொண்டிருந்தால் சாரதா பெண்ணின் கல்யாணத் தேதி எனக்குத் தெரியவே போவதில்லை.

அன்புடன்,
மீனா