ஆலயத்தின் வெள்ளி முத்திரையை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேவாலயங்களின் பழம்பொருள்கள் என்றதும் திருக்கிண்ணமும் சுரூபங்களும் பேசப்படும் அளவுக்கு, ஆவணங்களில் பதிப்பதற்காகச் செய்யப்பட்டு, இன்று பீரோவின் மூலையில் கறுத்துக் கிடக்கும் வெள்ளி முத்திரை பேசப்படுவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பொருள், பழைய வெள்ளி என்ற பெயரில் உருக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அதன் வேலைப்பாடு தெரியும். உருவங்களும் எழுத்துகளும் இடவலம் மாறி, குழிவாக வெட்டப்பட்டிருக்கும். இளகிய மெழுகிலோ அரக்கிலோ அழுத்தி எடுக்கும்போதுதான் அவை நேராகவும் புடைப்பாகவும் எழும். புனிதரின் முகத்தையும், அங்கியின் மடிப்புகளையும், விளிம்பைச் சுற்றி ஓடும் வாசகத்தையும் அந்தக் கைவினைஞர் இடவலம் மாற்றியே மனத்தில் கண்டு உளி பிடித்திருக்கிறார். இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை முத்திரைகள் பல, நின்ற கோல உருவத்துக்குப் பொருந்தும்படி, மேலும் கீழும் கூரான நீள்வட்டமாக அமைந்தன.

கையெழுத்தைவிட முத்திரையே ஆவணத்துக்கு உயிர் கொடுத்த காலம் அது. 1237இல் திருத்தந்தையின் தூதரான கர்தினால் ஓட்டோ லண்டனில் கூட்டிய திருச்சபைச் சங்கம், ஆயர்களும் மடாதிபதிகளும் தத்தம் முத்திரையை வைத்திருக்க வேண்டும் என்றே விதித்தது. உரியவர் மறைந்தபின் வேறு எவரும் அதைக் கொண்டு போலி ஆவணம் உண்டாக்கிவிடாதபடி, முத்திரையை உடைப்பதும் குறுக்கே வெட்டிச் சிதைப்பதும் வழக்கமாயிற்று. எனவே பழைய முத்திரையின் முகத்தில் ஆழமான வெட்டு தென்பட்டால், அதைப் பழுதென்று எண்ணிச் சரிசெய்ய முற்படக் கூடாது; அது வரலாற்றுச் சான்றாகவே இருக்கக்கூடும்.

உருக்குவதற்கு அடுத்த ஆபத்து, பக்தியோடு மெருகுத்தூள் போட்டுத் தேய்ப்பது. கறுப்பாகப் படிந்திருப்பது வெள்ளி சல்பைடு. அதைத் தேய்த்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் வெள்ளியும் சிறிது கரைகிறது, நுண்ணிய கோடுகளே முதலில் மழுங்குகின்றன. அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தாலே போதுமானது.

கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி ஒவ்வொரு பங்குக்கும், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் சமூகத்துக்கும், தனி முத்திரை வேண்டும் என்கிறது. 1283ஆம் விதி விலைமதிப்புள்ள, பண்பாட்டு மதிப்புள்ள அசையும் பொருள்களுக்குப் பட்டியல் கேட்கிறது. கலை அல்லது வரலாற்று மதிப்பு மிக்க பொருளை விற்பதற்கு 1292ஆம் விதியின்படி திருப்பீடத்தின் (வத்திக்கானில் உள்ள திருத்தந்தையின் தலைமையகத்தின்) அனுமதி வேண்டும். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ரப்பர் முத்திரை வந்தபின், பழைய வெள்ளி முத்திரை பட்டியலில் ஏறாமலே விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. பட்டியலில் இல்லாத பொருள் களவு போனால், அது தம்முடையது என்று நிறுவ எவராலும் எளிதில் இயலாது.

ஆகவே ஆலயப் பொறுப்பாளர்கள் தங்கள் வசமுள்ள முத்திரையின் எடை, அளவு, வாசகம், கீறல்கள் ஆகியவற்றை எழுதிவைத்து, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, அனுபவமுள்ள அருங்காட்சியகப் பாதுகாவலர் ஒருவரைக் கொண்டு சிலிக்கோனில் ஒரு பதிவும் எடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்