மாதர் பிரிவு ஆண்டறிக்கை – 2024

தலைவருக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயலவை எட்டு முறை கூடியது. பொங்கல் விழா, கோலப்போட்டி, தமிழ்ப்பள்ளிக்குப் புத்தகப்பை கொடுத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். என் நேரத்தை வேறொன்றுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பாலியல் வன்முறை விழிப்புணர்வு என்று போன வருடம் சுங்கை சிப்புட் டவுனில் பேனர் கட்டினோம். சென்ற அறிக்கையில் அதைப் பெருமையாக எழுதியதும் நான்தான். அது மழையில் கிழிந்து, இப்போது பாதி ஒரு வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம்மைத் தேடி ஒருவரும் வரவில்லை.

மே மாதம் இதைப் பற்றியே ஒரு பேச்சுக்கு ஏற்பாடு செய்தோம். கேட்ட முதல் மண்டபத்தில், "சாமி இருக்கிற இடத்துல இந்தப் பேச்சா?" என்றார்கள். பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபத்தில் நடத்தினோம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பேசினார். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒரு தனி அறை உண்டு, முதலில் போலீஸ் புகார் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை, கர்ப்பத் தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று அவர் சொன்னபோது, வந்திருந்த நாற்பது பேரில் பலர் முதன்முறையாகக் கேட்டார்கள். நானும்தான்.

கடைசி வரிசையில் இருந்த, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் எழுந்தார். "பெரட்டுல (காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் இடம்) பேர் கூப்பிடுறவன்கிட்ட முகத்தைக் காட்டாம நிப்போம்மா. அவன்கிட்டதானே வேலை கேக்கணும், அப்புறம் யாருகிட்ட சொல்றது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு தாதி கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த மாதம் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் கேட்க வேண்டாம். நடந்து ஒரு நாள் ஆகியிருந்தது. என் வாயில் முதலில் வந்தது, "ஏன் நேத்தே சொல்லல?" என்பதுதான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. குளிக்காமல் வந்திருந்தார், அந்த அளவுக்கு அவருக்கே தெரிந்திருந்தது. ஆதாரத்துக்காக உடுப்பை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வர உடுத்த ஒன்றுமில்லை. பார்க்கிங்கில் இருந்த என் காருக்கு ஓடி, பின்சீட்டில் மடித்துக் கிடந்த கைலியை எடுத்து வந்தேன். இன்று நம் மூன்று கார்களின் பின்பெட்டியிலும் ஒரு பை இருக்கிறது: புதுக் கைலி, டீசட்டை, உள்ளாடை, செருப்பு, உடுப்பை வைக்கக் காகிதப் பைகள் (பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி ஆதாரம் கெடும்). இந்த வருடத்தில் நாம் செய்த உருப்படியான வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

சிறுவர் விஷயத்தில் ஒரு வார்த்தை. "பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிடலாம்" என்று ஒரு குடும்பம் நம்மிடமே வந்தது. முடியாது என்று சொன்னோம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே மலேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். அந்தக் குடும்பம் இன்னும் நம்மோடு பேசுவதில்லை. பரவாயில்லை, புகார் பதிவாகிவிட்டது.

ஃபேக்டரியில் வேலை செய்யும் நம் பெண்களுக்கு: பாலியல் தொல்லை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் 2024 மார்ச்சிலிருந்து இயங்குகிறது. வக்கீல் வைக்காமலே மனு கொடுக்கலாம். மனு எழுத உதவி வேண்டுமானால் சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வாருங்கள், கூட்டமாக வேண்டாம், ஒருவர் ஒருவராக.

இரவில் கார் ஓட்ட இன்னும் இரண்டு பேர் தேவை. இப்போது மூவர்தான் இருக்கிறோம், அதில் ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை. எந்நேரமும் எடுக்கும் அரசு உதவித் தொலைபேசி, தாலியான் காசே எண் 15999-ஐ உங்கள் கைப்பேசியில் இன்றே போட்டுக்கொள்ளுங்கள். பொருளாளர் கேட்டபடி, கைலி வாங்கிய ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

செயலாளர்,
மாதர் பிரிவு